சந்தனம் பூசாத தலை

பெண்கள் பெட்டியில் ஏறி உட்கார்ந்ததுமே சந்தன வாசனை மூக்கில் ஏறியது. திருத்தணியில் இதெல்லாம் ஒரு செய்தியா என்று நீ கேட்பாய். செய்தி இல்லைதான். ஆனால் இன்றைக்கு அந்த வாசனை என்னைச் சும்மா விடவில்லை. எதிர் இருக்கையில் என் வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். காலையிலேயே மலையில் மொட்டை போட்டுவிட்டு இறங்கியிருப்பாள் போலிருக்கிறது. தலை முழுக்க ஈரச் சந்தனம். காதோரம் ஒழுகி சுடிதாரின் தோள் வரைக்கும் வந்திருக்கிறது. அவள் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் மொட்டைதான். சந்தனம் மட்டும் இல்லை.

"சந்தனம் பூசலையா சிஸ்டர்? வெயில்ல எரியுமே."

"பூசலைங்க."

"இன்னா வேண்டுதல்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அவளுடைய போன் அடித்தது. பிரசாதத்தை யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று அந்தப் பக்கம் யாரோ நீளமாகச் சொல்ல, இவள் ஆங், ஆங் என்று கேட்டுவிட்டு, ஜன்னலில் சாய்ந்து தூங்கிப் போனாள். சென்னை போய்ச் சேர இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. காலடியில் பெரிய பை, மடியில் உன் நோட்டு. கடைசிப் பக்கங்களை நீ காலியாக விட்டுப் போயிருக்கிறாய். அதில்தான் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே, வேறு காகிதம் கொண்டு வரவில்லை.

நாம் முதலில் பேசியதும் இந்தப் பெட்டியில்தான். அப்போது நான் அரக்கோணத்தில் ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். நீ அங்கேயே ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் கல்யாணப் பேனரும் காதுகுத்துப் பேனரும் டிசைன் செய்துகொண்டிருந்தாய். பள்ளிப்பட்டிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, அரக்கோணம் வரைக்குமான அந்த இருபது நிமிஷத்திலும் படம் வரைகிற ஒருத்தியை நான் அதுவரை பார்த்ததில்லை. எட்டிப் பார்த்தேன். விண்கலம் ஒன்றின் உள்ளே ஒரு பெண் இடுப்பில் கைவைத்து நிற்கிறாள். தலை மழமழவென்று மொட்டை.

"யாருங்க இது?"

"கேப்டன்."

"ஏன் மொட்டை?"

"கப்பல்ல தண்ணி ரேஷன். எண்ணெய் வெச்சி, சீயக்கா போட்டு இவ தலைக்குக் குளிச்சிக்கினு இருந்தா, மத்தவங்க குடிக்கிறதுக்கு இன்னா பண்ணுவாங்க?"

அதற்கு மேல் என்ன கேட்பது? அடுத்த வாரம் கேப்டனுக்குத் துணையாக ஒருத்தி கலத்தில் ஏறினாள். குட்டை, கொஞ்சம் பெரிய மூக்கு, எதற்கெடுத்தாலும் "அது ஆபத்து, கேப்டன்" என்பாள். அவளுக்கும் மொட்டை. மூக்கைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. உன்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நானே கேட்டேன், அவள் அடுத்து என்ன செய்வாள் என்று.

உனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ஊரில் தொங்குகிற பேனர்களில், மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னாலோ பூமாலையின் மடிப்பிலோ, கட்டை விரல் நகம் அளவுக்குக் கேப்டனை ஒளித்து வைத்துவிடுவாய். நாம் இருவரும் அரக்கோணம் பஜாரில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்போம். தாய்மாமன்கள் எல்லாம் தங்களைத்தான் பார்க்கிறோம் என்று நினைத்திருப்பார்கள். கல்யாணமாகிற வயதில் இரண்டு பெண்கள் பொம்மைப் படம் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று என் வீட்டில் பேச்சு எழுந்தபோது, "பொம்மை இல்ல, கேப்டன்" என்று என் நைனாவிடமே சொன்னவள் நீ. அவர் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

சென்னையில் வருஷத்துக்கு ஒரு தடவை காமிக்ஸ் விழா நடக்கிறது, அவரவருக்குப் பிடித்த பாத்திரமாக வேஷம் கட்டிக்கொண்டு போகலாம் என்று கண்டுபிடித்து வந்ததும் நீதான். மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைதோறும் உன் முதலாளியிடம் சாவி வாங்கி, ஃப்ளெக்ஸ் கடையின் பின்னறையில் உட்கார்ந்தோம். செருப்புக்கு அடிப்பாகம் வெட்டுகிற கடையில் ஃபோம் ஷீட் வாங்கி, இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டி வளைத்து, பசை போட்டு ஒட்டித் தோள் கவசம் செய்தோம். வெள்ளி பெயின்ட் அடித்தோம். உங்கள் தறியில் மிஞ்சிய கருநீலத் துணியில் நீ மேலங்கி வெட்டினாய். எங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியின் அடியில் இன்னும் அந்த ஃபோம் பிசுபிசுப்பு இருக்கிறது. நைனாவின் பாலியஸ்டர் சட்டை உருகி ஒட்டியது என்று அம்மா நம்பிக்கொண்டிருக்கிறார்.

எல்லாம் சரியாக வந்தது, தலையைத் தவிர. மொட்டைக்காக வாங்கிய ரப்பர் தொப்பிக்குள் நம் முடியைத் திணித்தால் தலை பூசணிக்காய் மாதிரி வீங்கி நின்றது. கண்ணாடியைப் பார்த்து நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. கழற்றிக் கீழே போட்டாய்.

"நாம எந்தப் பக்கத்து ஆளுங்க?" என்றாய்.

"திருத்தணிப் பக்கம்."

"திருத்தணியில ஒரு பொண்ணு மொட்டை போட்டா யாரு ஏன்னு கேப்பாங்க?"

யாரும் கேட்க மாட்டார்கள். அதுதான் உன் திட்டம். வேறு ஊர்ப் பெண் தலையை மழித்தால் நோயா, காதலா, பைத்தியமா என்று நூறு கேள்வி வரும். நம் ஊரில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு இறங்கினால் போதும், எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டு வழிவிடுவார்கள். அதைவிடப் பத்திரமான ஒளிவிடம் கிடையாது என்றாய். "அது ஆபத்து, கேப்டன்" என்று அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

ஆவணி மாதத்தில், விழாவுக்கு இரண்டு நாள் முன்னால், மலைக்குப் போனோம். முடிக் காணிக்கை மண்டபத்தில் ஆளுக்கொரு சீட்டு வாங்கி அடுத்தடுத்து உட்கார்ந்தோம். மழிக்கிற அக்கா என் தலையில் தண்ணீரைத் தெளித்துத் தேய்த்தார். கத்தியில் புது பிளேடு மாற்றுகிற சத்தம் கேட்டது. நான் எழுந்துவிட்டேன். ஏன் என்று இன்றுவரை ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. ஸ்கேன் சென்டர், அம்மா, அடுத்த வாரம் பெண் பார்க்க வருவதாகச் சொன்ன யாரோ, எல்லாம் ஒரே நேரத்தில் தலைக்குள் வந்து நின்றன. திரும்பிப் பார்த்தேன். உனக்கு ஒரு பக்கம் மொட்டை, இன்னொரு பக்கம் இடுப்பு வரை முடி. அந்தக் கோலத்தில் நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

"போ, வெளிய நில்லு. பாதி மொட்டையோட நான் ஓடி வர முடியாது."

அதற்குப் பிறகு ஒரு நாள்கூட நீ அதைக் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். விழாவில் நான் அந்த ரப்பர் தொப்பியோடுதான் நின்றேன்; மதிய உணவுக்கு முன்னாலேயே அது நடு மண்டையில் கிழிந்தது. நீ மேலங்கி புரள நடந்தாய். நீல முடிக்காரிகளும் காகிதச் சிறகு கட்டியவர்களும் உன்னைச் சுற்றி நின்று, இது எந்தக் கதையில் வருகிற பாத்திரம் என்று கேட்டார்கள். "எங்க கதை" என்றாய். வாழ்க்கையில் அவ்வளவு நிமிர்ந்து நின்று யாரும் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனால் நடுவில் ஒன்று நடந்துவிட்டது. மலையிலிருந்து இறங்கி, உனக்குத் துணையாக நானும் பள்ளிப்பட்டுக்கு வந்தேன். உன் அம்மா தறிக் கொட்டகையிலிருந்து வந்து, உன் தலையைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். அவருக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. "யாருக்குடி வேண்டிக்கின?" என்று கேட்டார். நீ தடுமாறியது எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

"உனக்குத்தாம்மா. ஆபரேஷன் நல்லபடியா ஆச்சில்ல."

அவர் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நாம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மறுவாரம் ரயிலில் நீ படமே வரையவில்லை. "அம்மா டெய்லி என் தலையத் தொட்டுத் தொட்டுக் கும்பிடுறாங்க. எனக்குக் கூசுது. சொல்லிடப் போறேன். அடுத்த தடவை போட்டா சந்தனம் பூசாமதான் இறங்குவேன்" என்றாய். எப்போது சொல்லப் போகிறாய் என்றேன். தீபாவளி போகட்டும் என்றாய்.

தீபாவளிக்கு நீ இல்லை. ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல் ஆறே நாளில் உன்னைக் கொண்டுபோனது. உன் முடி ஒரு அங்குலம்கூட வளர்ந்திருக்கவில்லை. உன் முதலாளி அழுதுகொண்டே கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்துக் கொடுத்தார். அதில் உன் பழைய படத்தைப் போட்டிருந்தார், நீளப் பின்னலும் மல்லிகைப் பூவுமாக. அது நீ இல்லை என்று எனக்கு அங்கேயே கத்த வேண்டும் போலிருந்தது. பூமாலை மடிப்பில் கேப்டன் இருக்கிறாளா என்று தேடினேன். அவளை வைக்கிறவள் நீதானே.

உன் அம்மா அன்றைக்கு நெஞ்சில் அடித்துக்கொண்டு ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "எனக்கு வர வேண்டியத அவ வாங்கிக்கினா. எனக்காக மொட்டை போட்டு, எனக்கு வந்தத அவ வாங்கிக்கினா." துக்கத்தில் சொல்கிறார், ஆறிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆறவில்லை. மாதாமாதம் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன மாதம் போனபோது பிரஷர் மாத்திரை அட்டை அலமாரியில் பிரிக்காமல் கிடந்தது. மூன்று மாதமாகப் போடுவதில்லையாம். கேட்டதற்கு, "பொண்ணு உசுர வாங்கிக்கினு பொழச்சவளுக்கு மாத்திரை ஒரு கேடா" என்றார்.

நம் பொய்யை, இல்லை, நீ சொல்லி நான் வாயை மூடிக்கொண்டு நின்ற அந்தப் பொய்யை, அவர் தினமும் தின்றுகொண்டிருந்தார். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், சொல்லிவிடுவது என்று. என் அம்மாவிடம் சொன்னபோது அவர் தடுத்தார்.

"நமக்காக மொட்டை போட்ட பொண்ணுன்னு அவங்க நெனச்சிக்கினு இருக்காங்க. அதையும் புடுங்கிட்டா அவங்களுக்கு இன்னா மிச்சம்?"

"அவ மிச்சம்மா. நெஜமா இருந்தாளே, அவ."

எனக்கே அது முழுதாகச் சரியென்று பட்டதா என்று கேட்காதே. பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தில் ஒரு முறை எழுந்து போனவள் நான். இன்னொரு முறை போக முடியாது.

முந்தாநாள் சாயங்காலம் திருத்தணி பஜாரில் இருக்கிற பார்லருக்குப் போனேன். மொட்டை என்றதும் அங்கிருந்த அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "மலைய வெச்சிக்கினு இங்க வந்து கேக்குறியேம்மா. மேல போனா சாமிக்காவது சேரும்." வேண்டுதல் இல்லைக்கா, வேஷத்துக்கு என்றேன். வீட்டில் சொல்லிவிட்டு வந்தாயா என்று மூன்று தடவை கேட்டார். கடைசியில் மெஷினைக் கையில் எடுத்தபோது எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. முடித்ததும் பழக்கதோஷத்தில் சந்தன டப்பாவை எடுத்தார். வேண்டாம் என்றேன். வீட்டில் நைனா வெகுநேரம் பார்த்துவிட்டு, "கேப்டனா?" என்று மட்டும் கேட்டார். துணைக் கேப்டன் என்றேன். அம்மா நேற்று எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சமைத்தார். இன்றைக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தார்.

நேற்று பள்ளிப்பட்டு போனேன். ஃப்ளெக்ஸ் கடைப் பின்னறையில் நீ விட்டுப்போன நோட்டு, கவசம், மேலங்கி எல்லாம் பையில். தறி ஓடும்போது உங்கள் வீட்டில் எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். இதைக் கத்திச் சொல்ல முடியாது. நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன். தறியை நிறுத்திவிட்டு வந்த உன் அம்மா, இரண்டு கையாலும் என் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"நீயும் போட்டுக்கினியா கண்ணு? என் பொண்ணுக்காக வேண்டிக்கினியா?"

ஆங் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அவர் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. உனக்கு அன்றைக்கு எப்படி வாய் வந்தது என்று அந்த நொடியில் எனக்குத் தெரிந்தது. அந்தப் பொய்க்காக உன்மேல் இருந்த கோபம் அங்கேயே போய்விட்டது. ஆனாலும் நான் சொன்னேன்.

"இல்லம்மா. நான் வேண்டிக்கல. பார்லர்ல போட்டுக்கினேன். அவளும் அன்னிக்கு வேண்டிக்கல."

எல்லாவற்றையும் சொன்னேன். விழா, ரப்பர் தொப்பி, மண்டபத்தில் நான் எழுந்து ஓடியது, வாசலில் நின்று நீ தடுமாறியது. அவர் கையை எடுத்துவிட்டார்.

"எனக்காக இல்லையா?"

"இல்லம்மா."

"எனக்காக இல்லவே இல்லையா?"

"இல்லம்மா. ஆபரேஷன் அன்னிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்து அழுதுகினே இருந்தா. அது நெஜம். மொட்டை அதுக்கில்ல."

"சாமி மலையில போய் வேஷத்துக்கு மொட்டையா? பெத்தவகிட்ட பொய்யா?" என்றார். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. எழுந்து உள்ளே போனார். பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. உன்னை அவரிடமிருந்து இன்னொரு முறை பிடுங்கிவிட்டேனோ என்று பயந்தேன். ஆனால் எழுந்து போகவில்லை. அதை மட்டும் நீ குறித்துக்கொள்.

வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைக் கேட்டார். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பினார். கேப்டன் எரிகல்லை உதைக்கிற பக்கம், தண்ணீர்த் தொட்டிக்குக் காவல் இருக்கிற பக்கம், துணைக் கேப்டனைத் திட்டுகிற பக்கம். விழாவில் எடுத்த போட்டோவையும் போனில் காட்டினேன். அதை விரலால் பெரிதாக்கி, பேனரில் இல்லாத உன் மொட்டைத் தலையை வெகுநேரம் பார்த்தார்.

"இந்த கேப்டன் நல்லவளா?"

"நல்லவதாம்மா. வாய்தான் ஜாஸ்தி. யார் பேச்சையும் கேக்க மாட்டா."

"அப்ப அவதான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. நானும் அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து மிகவும் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப எங்கிட்டருந்து ஒண்ணும் வாங்கிக்கினு போகலையா அவ?"

"ஒண்ணும் வாங்கிக்கினு போகலம்மா. காய்ச்சல் வந்துச்சு, போயிட்டா. அவ்ளோதாம்மா."

அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. மாத்திரை அட்டையை எடுத்து வந்து தேதியைப் பார்க்கச் சொன்னார். தேதி முடிந்திருந்தது. பஸ் ஸ்டாண்டு மருந்துக் கடைக்கு ஓடி வேறு வாங்கி வந்தேன். என் கண் எதிரிலேயே ஒன்றைப் போட்டுத் தண்ணீர் குடித்தார். நாளைக்கும் போடுவாரா, தெரியாது. இனி வாரம் ஒரு தடவை போய் அட்டையை எண்ணப் போகிறேன். அவரிடமும் சொல்லிவிட்டேன்.

கிளம்பும்போது மேலங்கியைப் பையிலிருந்து இழுத்து விளிம்பைத் தடவினார். "இது நம்ம தறித் துணியாச்சே. ஓரம் அடிக்காம இப்பிடியேவா போட்டுக்கினு போனா? நூல் பிரிஞ்சி தொங்குது பாரு" என்று உன்னைத் திட்டினார். தையல் மெஷினில் உட்கார்ந்து நாலு பக்கமும் மடித்து அடித்துக் கொடுத்தார். இதுவரை உன்னை அவர் திட்டியதில் அதுதான் எனக்குப் பிடித்தது.

அதுதான் இப்போது என் பையில் இருக்கிறது. மேலங்கி எனக்கு நீளம், தரையில் புரளும். கவசம் உன் தோள் அளவு. நான் உள்ளே துணி வைத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். இந்த வருஷ விழாவில் கேப்டனாக நிற்க நான் போகவில்லை. அது உன் இடம். அவளுடைய மேலங்கியைப் போட்டுக்கொண்டு, கலத்தை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிற துணைக் கேப்டனாகத்தான் நிற்கப் போகிறேன். கேட்கிறவர்களுக்கு நம் கதையைச் சொல்லப் போகிறேன், முதல் பக்கத்திலிருந்து. இந்த நோட்டில் இடம் தீர்ந்ததும் புது நோட்டு வாங்குவேன். எனக்கு உன் அளவுக்கு வரைய வராது. மூக்கை மட்டும் நன்றாக வரைவேன்.

பெரம்பூர் தாண்டியதும் எதிர் இருக்கைக்காரி கண்ணைத் திறந்தாள். சந்தனம் காய்ந்து வெடித்து, நெற்றியில் துகளாக உதிர்ந்திருந்தது. கேள்வியை அவள் மறக்கவில்லை.

"சொல்லவே இல்லையே சிஸ்டர். இன்னா வேண்டுதல்?"

"வேண்டுதல் ஒண்ணும் இல்லைங்க" என்று சொல்லி, நோட்டைத் திருப்பி அவளிடம் நீட்டினேன். "இவங்க கேப்டன். இவங்க கப்பல்ல தண்ணி ரேஷன்."

அவள் படத்தைப் பார்த்தாள், என் தலையைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

"பக்கத்துல குட்டையா ஒருத்தி நிக்கிறாளே, அது யாரு?"

"அது நான்தாங்க" என்றேன்.